நிற்காத ரெட்டைக் குடும்பி

என் மகளின் தலைமுடியைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை இருந்தது. கிண்ணியாவிலிருந்து உடுப்பு மூட்டையோடு வீடு வீடாக விற்க வருகிற முஸ்லிம் ராத்தா, பஞ்சு மாதிரித் தும்பு முட்டாசைச் சீப்பால் வார முடியுமா என்று என்னைக் கேட்டார். என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள், அதைச் சோளப் பொத்தியின் நுனியில் தொங்குகிற நூல் என்பார். கோயிலில் எனக்குப் பின்னால் வாங்கில் இருக்கிற ஒரு கிழவர், "காத்து கேட்டாக் குடுத்துவிடுற தலைமயிர்" என்றார். ஆட்கள் இப்படிச் சொல்வதையெல்லாம் மனதில் முடிந்து வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. படிப்புப் பாதியில் நின்றவளுக்கு அதுதான் புத்தகம். ஆனால் எல்லாருடைய கதையும் என் சொந்தப் பிள்ளையின் தலையில் வந்து விழுந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் குவைத்துக்குப் போனபோது அவள் நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது நேர்சரிக்குப் போகிறாள். இடைப்பட்ட காலமெல்லாம் அவளைப் பொறுத்தவரை நான் போனுக்குள் இருந்த ஒரு முகம். வந்து இறங்கிய அன்று என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தகப்பனிடம் ஓடி, "போன் அம்மா வந்திட்டா" என்று அறிவித்தாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. நேர்சரிப் பிள்ளைகளின் அம்மாக்களைச் சும்மா அம்மா என்பாள். என்னைக் கூப்பிடும்போது மட்டும் போன் அம்மா.

அவளோடு நெருங்க எனக்குத் தெரிந்த ஒரே வழி தலைவாரிவிடுவது. குவைத்தில் நான் வேலை செய்த வீட்டில் ஒரு பெண்பிள்ளை இருந்தது. ஒரு பிடிக்குள் அடங்காத முடி. காலையில் எண்ணெய் வைத்து, உச்சி பிரித்து, இறுக்கிப் பின்னிவிடுவேன். அந்த வீட்டுப் பெண் தன் சிநேகிதிகளைக் கூப்பிட்டுக் காட்டுவாள். இதே கை ஒருநாள் என் பிள்ளையின் தலைக்குப் போகும் என்று நினைத்துக்கொண்டே பின்னுவேன். அதற்காகவே கிளிப், றிபன், சின்னச் சின்ன றபர் பாண்ட் என்று ஒரு பிஸ்கட் பேணி நிறையச் சேர்த்துக்கொண்டு வந்தேன்.

வந்த மறுநாளே அவளைக் கதிரையில் இருத்தித் தேங்காய் எண்ணெய் தடவினேன். எண்ணெய் பட்டதும் இருந்த முடியும் காணாமல் போய்விட்டது. உச்சி பிரிக்கப் பார்த்தேன். எங்கே சீப்பை வைத்தாலும் உச்சியாகத்தான் இருந்தது. எப்படியோ இரண்டு பக்கமும் குடும்பி கட்டி, பூப் போட்ட கிளிப் குத்திவிட்டேன். அவள் கதிரையால் இறங்கி வாசல் படலைக்குப் போவதற்குள் ஒரு கிளிப் வழுக்கிக் கன்னத்தில் தொங்கியது. திரும்பக் கூப்பிட்டு இன்னும் இறுக்கினேன். "நோகுது" என்று தலையை உருவிக்கொண்டு தகப்பனிடம் ஓடினாள்.

அவர் அப்போதுதான் மீன்பிடி முடிந்து கடலால் வந்திருந்தார். வாளித் தண்ணீரில் பேருக்குக் கையை அலசிவிட்டு, பிள்ளையை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி, சீப்பில்லாமல் விரலாலேயே வாரினார். மணிக்கட்டில் வளையல் மாதிரிப் போட்டிருந்த இரண்டு பழைய றபர் பாண்டால் கட்டி முடித்தார். உச்சி கோணல். ஒரு குடும்பி மேலே, மற்றது காதோடு. ஆனால் பின்னேரம் வரைக்கும் அது அசையவில்லை.

"இது எப்பிடி நிக்குது?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும். கட்டுறன், நிக்குது."

நான் இல்லாத காலத்தில் பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட மச்சாளும் எண்ணெய் வைத்துக் கட்டிப் பார்த்துக் களைத்து, அந்த வேலையைத் தம்பியிடமே விட்டுவிட்டாராம்.

பிறகு யோசனைகள் வரத் தொடங்கின. மொட்டை வழித்துவிட்டால் காடு மாதிரி வரும் என்றார் ராத்தா. கோயில் திருநாள் வருகிற நேரத்தில் மொட்டையா என்று மச்சாள் அவரோடு சண்டைக்குப் போனார். செவ்வரத்தம் பூச்செடியின் இலையை அரைத்து வைக்கச் சொன்னார் கோயில் கிழவர். நான் மூன்று பேருக்கும் ஓம் என்றேன், மொட்டை மட்டும் வழிக்கவில்லை. ஒருநாள் எண்ணெய், ஒருநாள் ஷாம்பூ, ஒருநாள் செவ்வரத்தம் இலை. ஒவ்வொன்றுக்குப் பிறகும் முடி இன்னும் மினுங்கியது, இன்னும் வழுக்கியது. தகப்பனுடைய கையில் பிள்ளை அசையாமல் நிற்பதால் குடும்பி நிற்கிறதா, குடும்பி நிற்பதால் பிள்ளை அவரிடம் போகிறாளா என்று குசினியில் வெங்காயம் வெட்டும்போதும் யோசித்தேன், பஸ்ஸிலும் யோசித்தேன். ஒருநாள் அந்த யோசனையில் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், வெயிலில், தெருவோரம் மேய்கிற மான்களுக்குள்ளால் திரும்பி நடந்து வந்தேன்.

எங்கள் கோயில் திருநாளில் பூசை முடிந்து மாதா சுரூபம் ஊரைச் சுற்றி வரும். அதற்கு முன்னால் சின்னப் பெண்பிள்ளைகள் வானதூதர் மாதிரிச் சம்மனசு உடுப்போடு பூத் தூவிக்கொண்டு போவார்கள். வெள்ளைச் சட்டை, முதுகில் சிறகு, தலையில் கம்பியில் பூச் சுற்றிய கிரீடம். கிரீடத்தை முடியோடு சேர்த்துக் கிளிப்பால் பிடிக்கவேண்டும். ஊர்வலத்துக்கு நடந்து பழகிய அன்று என் மகளின் கிரீடம் இறங்கி மூக்கில் வந்து நின்றது. பிள்ளைகள் சிரித்தார்கள். பொறுப்பாக நின்ற சிஸ்டர் தன்மையாகத்தான் சொன்னார்: திருநாளிலும் இப்படி விழுந்தால் பின்வரிசையில் வரட்டும். முன்வரிசைக்கு மட்டுந்தான் பூக்கூடை. என் மகள் சிஸ்டரை நிமிர்ந்து பார்த்து, "அப்பா கட்டினா நிக்கும்" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஆனால் அப்பாவுக்கு அன்று கை ஓய்வில்லை. அவர் சுரூபம் தூக்குகிற ஆட்களில் ஒருவர், விடியவே கோயிலுக்குப் போய்விடுவார்.

"நீ கட்டு" என்றார்.

"நிக்காட்டி?"

"நிக்காட்டி விழும். அதுக்காகச் சம்மனசை வேலையால நிப்பாட்டவே போறாங்கள்?"

அவருக்குப் பகிடி. பூக்கூடை போனால் அது யாரால் போனதென்று பிள்ளை மனதில் வைத்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அந்தத் தலையில் கைவைக்க என்னை விடவே மாட்டாள்.

திருநாளுக்கு முதல்நாள் கடல் தொழில் இல்லை. மூன்று பேருமாக உப்புவெளிக் கடற்கரைக்குப் போனோம். அவள் தகப்பனின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அலைக்குள் முங்கி முங்கி எழும்பினாள். கரைக்கு வந்து காற்றில் நின்றபோது முடி காய்ந்து, ஒருநாளும் இல்லாத மாதிரிப் பொம்மென்று நின்றது. கண்ணுக்குள் விழுகிறதே என்று நான் யோசிக்காமல் விரலால் கூட்டி, அவருடைய மணிக்கட்டிலிருந்து பாண்ட் இரண்டைக் கழற்றிக் கட்டிவிட்டேன். அவளும் மண் கிண்டுகிற அவசரத்தில் யார் கட்டுகிறார் என்று பார்க்கவில்லை. மண்ணில் உருண்டாள், கச்சான் கடலை தின்றாள், ஓட்டோவில் என் மடியில் நித்திரையானாள். வீட்டில் இறக்கும்போது பார்க்கிறேன், இரண்டு குடும்பியும் இருந்த இடத்தில் இருக்கின்றன. தொட்டுப் பார்த்தேன். கயிறு மாதிரிச் சொரசொரவென்று இருந்தது.

"இஞ்சேருங்கோ, உப்பு" என்றேன். "உங்கட கையில இருக்கிற உப்புத்தான்."

அவர் கையை மணந்து பார்த்தார். "மீன்தான் மணக்குது" என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி இருந்தது, விடியும்வரைக்கும். விடிந்ததும் மச்சாள் சுடுதண்ணிக் கேத்திலோடு வந்து நின்றார். திருநாள் அன்று பிள்ளைகளுக்குத் தலையில் தோயவார்த்து, எண்ணெய் வைத்து, படிய வாரித்தான் எங்கள் பக்கத்தில் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். என் தாயும் எனக்கு அப்படித்தான் செய்தார்.

"தலையில கடல் தண்ணியோட மாதாவுக்கு முன்னால போறதோ? சனம் என்ன கதைக்கும்?" என்றார் மச்சாள்.

அவர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. ஒருவேளை நேற்றுக் குடும்பி நின்றது காற்றாலோ, அவள் என்னைக் கவனிக்காததாலோ? எதை நம்பி நான் இந்தத் தலையைக் கழுவாமல் விடுகிறேன்? கேத்திலைக் கையில் வாங்கிக்கொண்டு கிணற்றடியில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கடைசியில் பிள்ளையின் தலையைத் துவாயால் சுற்றிக் கட்டிவிட்டு உடம்புக்கு மட்டும் வார்த்தேன். மச்சாள் எண்ணெய்ப் போத்திலைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தார். அந்தக் கதவு சாத்திய சத்தம் மட்டும் கொஞ்சம் பெரிதாகக் கேட்டது.

சீப்பை எடுக்கவில்லை. விரலால் வாரிக் கட்டி, கிரீடத்தைக் குடும்பிகளோடு சேர்த்துக் குத்தினேன்.

"அப்பா கட்டின மாதிரியோ?" என்று கண்ணாடிக்குள்ளால் கேட்டாள்.

"ஓம்" என்றேன். அது எனக்கும் நிச்சயமில்லை.

கோயில் வாசலைத் தாண்டும்வரைக்கும் கிரீடம் நின்றது. கடைத்தெருவிலும் நின்றது. அவள் முன்வரிசையில் ஒவ்வொரு இதழாகக் கஞ்சத்தனமாகத் தூவிக்கொண்டு போனாள். நான் ஓரத்தில் மற்றத் தாய்மாரோடு நடந்தேன். செபமாலை கையில் இருந்தது, கண் அந்தக் கம்பியில் இருந்தது. துறைமுகப் பக்கம் பார்த்து வீதி திரும்புகிற இடத்தில் காற்று ஒரே அடியாக வந்தது. கிரீடம் ஒரு பக்கம் சரிந்தது. இடப்பக்கத்துக் குடும்பி பாதி அவிழ்ந்தது.

அவள் நின்றுவிட்டாள். முதலில் பின்னால் திரும்பித் தகப்பனைப் பார்த்தாள். அவர் சுரூபத்தின் கம்பைத் தோளில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி வியர்த்து வந்துகொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தாள். வரிசையை விட்டு நேரே வந்து, எனக்கு முதுகைக் காட்டி, தகப்பனுக்கு முன்னால் நிற்கிற மாதிரியே தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"கெதியாக் கட்டுங்கோ. பூ முடியப்போகுது."

உள்ளங்கை முழுக்க வியர்வை. அந்த ஈரத்தோடேயே முடியைக் கூட்டி, பாண்டைப் போட்டு, கிளிப்பைக் குத்தினேன். உச்சி கோணலாகப் போனது. அவள் ஓடிப்போய்த் தன் இடத்தில் சேர்ந்துகொண்டாள். சிஸ்டர் பார்த்துவிட்டுப் பாட்டைத் தொடர்ந்தார். கோயிலுக்குத் திரும்பி வரும்வரைக்கும் பிறகு அது விழவில்லை.

வியர்வையிலும் உப்பு இருக்கிறதுதானே என்று அன்று மத்தியானம் சாப்பிடும்போது சொன்னேன். எண்ணெய் வைத்திருந்தால் முதல் தரமே விழுந்திராது என்றார் மச்சாள். என் கணவர் பொரியலைக் கடித்துக்கொண்டே, "என்ர கை ரெண்டும் மாதாவில இருந்துது. இல்லாட்டி என்னட்டத்தான் வந்திருப்பாள்" என்றார். பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் அவருடைய கை சும்மா இருந்திருந்தால் அவள் யாரிடம் வந்திருப்பாள் என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காலை அவர் கடலால் வந்து குந்தியதும் அவள் வழமைபோலப் போய் நின்றாள். அவருடைய மணிக்கட்டிலிருந்து ஒரு பாண்டைக் கழற்றிக்கொண்டு வந்து என் கையில் வைத்தாள்.

"ஒண்டு அப்பா. ஒண்டு போன் அம்மா."

நான் வாளித் தண்ணீருக்குள் கொஞ்சம் உப்பைக் கரைத்துக் கையை நனைத்துக்கொண்டேன். அவர் பார்த்துச் சிரித்தார். ஆளுக்கொரு பக்கம் கட்டி அனுப்பினோம்.

மத்தியானம் நேர்சரிப் படலையில் போய் நின்றேன். அவள் பையை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். ஒரு குடும்பி நின்றது. மற்றது முழுதாக அவிழ்ந்து காற்றில் பறந்தது. காலையில் எந்தப் பக்கத்தை நான் கட்டினேன் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை.