இரண்டு ஈரமும் ஒரு இங்கிலீஷ் வார்த்தையும்

மழைக்கு மறுநாள் கரிசலில் கையை விட்டால் மேலே வெதுவெதுப்பாகவும், உள்ளே போகப் போகச் சில்லென்றும் இருக்கும். நகக்கண்ணில் ஏறிய கருப்பு லேசில் போகாது. ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திய பிறகு அப்படிக் கையை விட்டுப் பார்ப்பதுதான் வீட்டில் என் வேலை. திருச்சுழி போகிற பாதையில் எங்களுக்கிருந்த மானாவாரிக் காட்டில் மழை விழுந்தால் அய்யா என்னைத்தான் "ஈரம் பாக்க" அனுப்புவார். மேலே நனைந்த மண்ணும் அடியில் கிடக்கும் பழைய ஈரமும் சேர்ந்திருந்தால் விதைக்கலாம்; நடுவில் ஒரு விரற்கடை வறண்டிருந்தாலும் முளை கருகிப்போகும். "சேந்துருச்சுய்யா" என்று நான் வந்து சொன்னால்தான் விதைப்பருத்தி வெளியே வரும். அந்த வீட்டில் என் பேச்சு எடுபட்டது அந்த ஒன்றில்தான்.

தங்கை செல்லம் அருப்புக்கோட்டைக்குப் பஸ்ஸில் போய்ப் படித்தாள். இருவரையும் அனுப்ப ஏலாது. பெரியவள் காட்டுக்கு, சின்னவள் படிப்புக்கு என்று ஆகியிருந்தது. ஒரு ஐப்பசி லீவில் என்கூட வந்தவள், நான் முழங்கை வரை மண்ணுக்குள் விட்டுத் துழாவுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இதுக்கு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை இருக்குக்கா. அசர்டெயின்."

யாரோ சொன்னதை நம்பிக்கொள்வது அதில் சேராதாம். விசாரித்தோ சோதித்தோ, உண்டா இல்லையா என்று சந்தேகமில்லாமல் தெரிந்துகொள்வதாம். ஆபீஸ், கோர்ட்டு என்று எழுதுகிற இடத்தில் வருகிற பெரிய வார்த்தையாம். "சோறு வெந்துருச்சான்னு பாக்குறதுக்கெல்லாம் போடக்கூடாதுக்கா" என்றாள். கை என்னுடையது, வார்த்தை அவளுடையதா என்று எனக்கு வயிறு எரிந்தது.

வீட்டில் நான் வாயைத் திறக்குமுன், அசர்டெயின் பண்ணிவிட்டோம் என்று அய்யாவிடம் சொல்லிவிட்டாள். அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு. அன்றைக்கே டீக்கடை வரைக்கும் அந்த வார்த்தை போயிற்று. நடுவில் காய்ந்து கிடக்கிறது என்று நான் பின்னால் சொன்னதற்கு விதைப்பைத் தள்ளிவைத்தார்களே தவிர, சொன்னது நான் என்பது யார் மனதிலும் ஏறவில்லை.

அடுத்த மழைக்கு, "நீ ஆட்டப் பாரு தாயி, சின்னவ போகட்டும்" என்றார் அய்யா. மேலாகக் கிளறிவிட்டு வருவாள், சுத்தமான கையைப் பார்த்து அய்யா கண்டுபிடித்துவிடுவார் என்று ஆடுகளுக்குப் பின்னால் நடந்துகொண்டே நினைத்தேன். வந்தாள். முழங்கை வரை மண். "சேந்துருச்சுய்யா" என்றாள். விதைத்தோம், காடு பூராவும் ஒன்றுபோல முளைத்தது. அவள் தப்பாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

லீவு முடிந்து அவள் போன பிறகு வேலை என்னிடமே திரும்பியது. ஆனால் ஒவ்வொரு தடவையும், "சின்னவ பாத்தாப்ல நல்லாப் பாத்துட்டு வா" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

இப்போது அய்யா இல்லை. காடு முழுக்கச் சீமைக்கருவேலம். மதுரையில் ஆபீஸ் வேலை பார்த்து ஓய்ந்திருக்கும் செல்லம், இந்தப் பக்கம் மழை என்று தெரிந்தால் போன் பண்ணி, "ஈரம் சேந்துருச்சாக்கா?" என்கிறாள். விதைக்க ஒன்றுமில்லை என்று இருவருக்கும் தெரியும். இருந்தாலும் போன் வருமுன்பே கொல்லையில் கையை விட்டுப் பார்த்து வைத்திருப்பேன்; என்னிடம் அதைக் கேட்க அவள் ஒருத்திதான் மிச்சம். அந்த இங்கிலீஷ் வார்த்தையை மட்டும் அவள் காதுபட நான் இதுவரை சொன்னதில்லை. இனியும் சொல்ல மாட்டேன்.