மழைக்குப் பயந்த குரல்

நீதிபதி அருள்பிரகாசம் ஓய்வு பெற்றபோது, 1954 மே மாதம், ராயபுரத்தில் பந்தல் போட்டுப் பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். பத்தொன்பது வருஷம் ஒரே கோர்ட்டில் இருந்தவர். முதல் மாலை போட டவாலி தவசிமுத்துவை மேடைக்கு அழைத்தார்கள். அத்தனை வருஷமும் அந்தக் கோர்ட்டு வாசலில் நின்று பெயர் கூப்பிட்டவர் அவர்தான்.

"இந்த ஐயா கையால ஒரு நிரபராதி ஜெயிலுக்குப் போனதில்ல!" என்றார் பேச்சாளர். கூட்டம் கைதட்டியது. தவசிமுத்து மாலையை எப்படியோ போட்டுவிட்டு இறங்கி, விருந்துக்கு நிற்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

எட்டு வருஷத்துக்கு முன் துறைமுகத்தில் கயிறு திருடியதாக உசேன் என்ற கூலியைப் பிடித்து வந்தார்கள். திருட்டு நடந்த அன்று அவன் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அதற்கான சீட்டோடு அவன் மனைவி காத்தூன் பீவி வந்திருந்தாள். "கூப்பிடறேன், வெளியே நில்லு" என்று அனுப்பியவர் தவசிமுத்து. பிறகு பெருமழை பிடித்துக்கொண்டது. சாட்சியைக் கூப்பிடச் சொன்னபோது, வராந்தாவுக்குப் போனால் நனையும் என்று கதவுக்கு உள்ளேயே நின்று மூன்று தரம் கூப்பிட்டார். மழை இரைச்சலில் குரல் வெளியே எட்டவில்லை; யாரும் வரவில்லை. உசேனுக்கு மூன்று மாசம். பிறகு ஓடிவந்தவளிடம், "முடிஞ்சி போச்சி, போ" என்றார்.

அதற்கப்புறம் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் அவளைப் பார்த்தபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கூட்டத்துக்கு மறுநாள் காலை நீதிபதி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

"தண்ணி சொட்டச் சொட்ட ஒரு பொம்பளை வாசல்ல நின்னதை நானும் பார்த்தேன், தவசி. யாருன்னு ஒரு வார்த்தை கேக்கல. அடுத்த கேஸை எடுத்துட்டேன்." நீதிபதி எழுந்து சட்டையை மாட்டினார். "வீடு தெரியுமா?"

இருவரும் ரிக்‌ஷாவில் போனார்கள். காத்தூன் பீவி வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தவசிமுத்து நடந்ததைச் சொல்லி முடித்தார்.

"அன்னிக்கு ஏன்யா வெளிய வந்து கூப்புடல?"

"மழைம்மா..."

"அந்த மழைலதான்யா நான் நின்னுகினு இருந்தேன்."

தவசிமுத்து தலை குனிந்தார். உள்ளேயிருந்து வந்த உசேன் நீதிபதியைப் பார்த்துக் கும்பிடவில்லை. "ஆர்பர்ல திருடன்னு எழுதி வச்சிகீறாங்க. கூட்ஸ் ஷெட்ல மூட்டை தூக்கறேன். அந்தப் பேரை அடிச்சிக் குடுக்க முடியுமா?"

நீதிபதி அங்கேயே காகிதம் வாங்கி, தீர்ப்பு தவறு என்றும் தவறு தன்னுடையது என்றும் எழுதினார். தவசிமுத்துவின் பெயர் அதில் இல்லை. "என் பேரையும் போடுங்கய்யா" என்று அவர் கெஞ்சினார். நீதிபதி ஒரு வரி சேர்த்தார். தவசிமுத்து கீழே கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கடிதத்தோடு நீதிபதி மூன்று மாசம் அலைந்தார். ஆகஸ்டில் உசேனை மறுபடி துறைமுகத்தில் சேர்த்துக்கொண்டார்கள். உசேன் வழியில் கண்டால் தலையசைப்பான். காத்தூன் பீவி மட்டும் கடைசிவரை தவசிமுத்துவிடம் பேசவில்லை. பேசாதது நியாயம்தான் என்று அவரும் இருந்துவிட்டார்.