தேநீரால் வரைந்த தாஷ்கண்ட்

எழுபதுகளின் நடுவில், செவன் ஹில்ஸ் தொழிற்சாலை கேன்டீனில் அவரைச் சந்தித்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். நரைத்த கிருதா, எந்த வெயிலிலும் கழற்றாத கம்பளி ஸ்வெட்டர். தாஷ்கண்டில் படித்தவர். லண்டன் போகும் வழியில் அங்கே இரண்டு நாள் தங்கப்போகிறேன் என்று நான் துள்ளிக்கொண்டிருந்தேன்.

தேநீரில் விரலை நனைத்து மேசையிலேயே வழி வரைந்து காட்டுவார். சந்தைக்கு வழி கேட்டாலும் அருங்காட்சியகத்துக்கு வழி கேட்டாலும் கோடு ஒரே சந்தில்தான் போய் நிற்கும்.

“அங்க என்னண்ணே, பிரியாணிக் கடையா?” என்று சிரித்தேன்.

“என்ரை மகள், தம்பி. தாயோட இருக்கிறாள். இப்ப எட்டு வயசு. கதவைத் தட்ட வேண்டாம். பள்ளிக்கூடம் விட்டு வரேக்கை பாத்து, உயரமோ குள்ளமோ எண்டு வந்து சொன்னால் காணும்.”

போனேன். சந்தே இல்லை. மண்வீடுகளை இடித்துவிட்டு அகலமான தெருக்களும் நீரூற்றுகளும் அடுக்குமாடிகளுமாக நகரத்தையே புதிதாகக் கட்டியிருந்தார்கள். வெள்ளை ரிப்பன் கட்டிய சிறுமிகள் கும்பலாகப் போனார்கள். ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னேன். “சிரிச்சுக்கொண்டு போனவையோ?” என்று மட்டும் கேட்டார்.

“ஆமாண்ணே, எல்லாருமே. இந்தாங்க, படம்.”

அவர் கையை நீட்டவில்லை. “வேண்டாம் தம்பி. பாத்தால் ஒருத்தியைத் தெரிவு செய்ய வேண்டி வரும்.”

படம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அவருக்காக நான் தெரிவு செய்கிறேன், ஒவ்வொரு முறையும் வேறொருத்தியை.