மருமகன் அடித்த எண்ணெய்

சுபஹ் தொழுத கையோடு நான் கிணற்றடிப் பாத்திக்குப் போய்விடுவேன். மிளகாய், கத்தரி, வெண்டி, ஓரத்தில் கொஞ்சம் கீரை. அவ்வளவுதான் என் தோட்டம். குந்துவதற்கு ஒரு பலகை, கிளறுவதற்கு முனை தேய்ந்த ஒரு கத்தி. எங்கள் கல்முனை மண் கடல் மணல் கலந்தது. மழை பெய்த மறுநாள் புல்லைப் பிடித்து இழுத்தால் நுனி அறாமல் வேர் முழுசாக வரும். அந்தச் சுகத்தை யாருக்குச் சொல்லி விளங்கவைப்பது? என் முழங்காலுக்கே அது விளங்கவில்லை. எழும்பும்போது கிணற்றுக்கட்டைப் பிடித்து, "யா அல்லாஹ்" என்று அடுத்த வளவுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லித்தான் நிமிர்வேன்.

அந்தச் சத்தம் மருமகனின் காதில் விழுந்திருக்கிறது. வினை அங்கேதான் தொடங்கியது.

எங்கள் ஊரில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீட்டையும் வளவையும் மகளின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, நானும் கணவரும் பின்பக்கம் ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியுமாக ஒதுங்கிக்கொண்டோம். அவர் மௌத்தான பிறகு எனக்கென்று மிஞ்சியது அந்தப் பாத்தி. அதுவும் எழுத்தில் மகளுடையதுதான். மருமகன் தங்கமான பிள்ளை. ஆனால் மாமியும் மருமகனும் முகத்துக்கு முகம் நின்று கதைக்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. அவர் வந்தால் நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போவேன். நான் நின்றால் அவர் செருமிவிட்டு வேறு பக்கத்தால் போவார். சொல்ல வேண்டியதெல்லாம் மகள் வழியாகத்தான் போய்வரும்.

ஒலுவிலில் என் கூடப்பிறந்த ராத்தாவுக்குச் சுகமில்லை என்று போய்ச் சில நாள் தங்கிவிட்டு வந்தேன். வாசலிலேயே மகள் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"உம்மா, இனி நீங்க குந்தி எழும்பத் தேவல்ல. உங்கட மருமகன் புல்லுக்கு எண்ணெய் அடிச்சிரிக்காரு."

களை கொல்லும் மருந்தை எங்கள் பக்கத்தில் எண்ணெய் என்றுதான் சொல்வோம். மருமகனுக்கு மாவடிப்பள்ளியில் வயல். அங்கே அடித்ததில் மிச்சத்தைக் கொண்டுவந்து எனக்காக அடித்துவிட்டு, மறுபடி வயலுக்குப் போயிருக்கிறார். மணம் போகட்டும் என்று மகளும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லையாம்.

நான் போய்ப் பார்த்தேன். நெல்லும் ஒரு புல்தான் என்பதால், புல்லை விட்டுவிட்டு அகன்ற இலையை மட்டும் கருக்குகிற எண்ணெய் அது. என் பாத்தியில் அகன்ற இலை என்றால் மிளகாயும் கத்தரியும்தானே! எல்லாம் சுருண்டு, தண்டு முறுகிக் கிடந்தன. அறுகு மட்டும் பச்சைப் பசேலென்று, கேட்பாரில்லாத சந்தோஷத்தில் படர்ந்திருந்தது.

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "வயல் செய்ற மனிசனுக்கு இது தெரியாதா?" என்று மகளிடம் சீறினேன்.

"உங்கட காலுக்கு இரங்கித்தானே உம்மா செஞ்சாரு. நான் எப்பிடி அவருக்கிட்டச் சொல்ற?"

சொல்ல வேண்டாம் என்றேன். அவர் கெட்டது செய்திருந்தால் வாயையாவது திறந்திருப்பேன். நல்லது செய்தவரை எப்படி ஏசுவது?

அன்று பின்நேரம் வயலால் வந்தவர் பாத்தியைப் பார்த்துத் தானாகவே விளங்கிக்கொண்டார். இரவுச் சோறு அவருக்கு இறங்கவில்லை என்று மகள் சொன்னாள். மாரி மழை கழுவும்வரை மண்ணைச் சும்மா விட்டோம். அதன் பிறகு அவரே கொத்தி, எரு போட்டு, கன்றுகள் நட்டார். அவர் இல்லாத நேரம் பார்த்து நான் ஓரத்தில் கீரை விதை தூவினேன்.

கீரை முளைத்த காலையில், மகள் படிப்பிக்கப் பள்ளிக்கூடம் போனபின், பலகையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். குந்திவிட்டேன். ஒரு பிடி புல்லும் வந்தது. எழும்பத்தான் ஏலவில்லை. மாதக்கணக்காகக் குந்தாத கால்கள் என் பேச்சைக் கேட்கவேயில்லை. கையை ஊன்றிப் பார்த்தேன், பக்கவாட்டில் சரிந்து பார்த்தேன். கடைசியில், யாராவது வாங்களேன் என்று கூப்பிட்டேன். வீட்டில் இருந்தது மருமகன் மட்டும்தான்.

ஓடி வந்தவர் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றார். என் முக்காடு மண்ணில் கிடந்தது.

"கையத் தாங்க மாமி," என்றார்.

இத்தனை வருடத்தில் அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் சொல். கையைக் கொடுத்தேன். வெட்கத்தில் எனக்குக் கண்ணீர் வந்தது. கால் நோகிறது என்று அவர் நினைத்திருப்பார்.

"இனி எறங்க வேணாம் மாமி. புல்ல நான் பாத்துக்குறன்."

மறுநாள் குசினி ஜன்னலால் பார்த்தேன். சாரனை மடித்துக் கட்டி, என் பலகையில் குந்தி, ஒரு துரும்பு விடாமல் பிடுங்கிக்கொண்டிருந்தார். அறுகோடு சேர்த்து, இரண்டு இலை விட்டிருந்த என் கீரையையும். ‘அது கீரை’ என்று கூப்பிட வாயெடுத்தேன். அவர் நிமிர்ந்து என்னைக் கண்டார். முதல்முறையாக அவராகவே சிரித்தார்.

"இப்ப சுகமா மாமி?"

"ஓம் மகன், சுகம்," என்றேன்.

அவர் சந்தோஷமாகத் திரும்பவும் குனிந்தார்.