ஓரம் வெட்டிய புகைப்படம்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவரை உடன் வேலை செய்பவர்கள் ‘கட்டத்தார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இளவயதில் ஒரு பழைய கணினியில் கட்டம் கட்டமாக அவர் வரைந்த படம் போட்டியில் முதல் பரிசு வாங்கியது. மழையில் பேருந்துக்காக நிற்கும் ஒரு பெண். வாரப் பத்திரிகையில் வந்த புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது என்பதைப் பற்றி மட்டும் அவர் அன்று மூச்சுவிடவில்லை.

இப்போது பழைய கணினிப் படங்களின் கண்காட்சிக்கு அவர் வரைந்த அந்தப் படத்தைக் கேட்டிருந்தார்கள். விண்ணப்பத்தில் ‘மூலப்படம் யாருடையது?’ என்று ஒரு கேள்வி. பெட்டியைக் கவிழ்த்து அந்தப் பத்திரிகைத் தாளைத் தேடி எடுத்தார். கட்டங்களை எண்ணிக் கணினியில் வரைவதற்காக, கட்டத்தாளில் பொருந்த வேண்டுமென்று நான்கு ஓரங்களையும் அன்றே கத்தரித்திருந்தார். புகைப்படம் எடுத்தவரின் பெயர் அந்த ஓரத்தோடு போயிருந்தது.

“அந்தக் கேள்வியை விட்டுட்டு அனுப்புங்களேன். இத்தனை வருஷமா யாரு கேட்டா?” என்றார் மனைவி.

“நான்தான் கேட்டுட்டு இருக்கேன்.”

“அப்போ பதிலையும் நீங்களே சொல்லிக்குங்க, கட்டத்தாரே.”

படத்தில் அந்தப் பெண்ணின் குடை நுனியில் ஒரு துளி வெளிச்சம். அதற்கு அவர் வைத்தது ஒரே ஒரு வெள்ளைக் கட்டம். பார்த்தவர்கள் எல்லாரும் அதைத்தான் மெச்சினார்கள். அந்தத் துளிக்காக மழையில் காத்திருந்து புகைப்படம் எடுத்தவரிடம் இதை ஒரு தடவையாவது சொல்லிவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

கடைசியில் இப்படி எழுதினார்: ‘ஒரு புகைப்படத்தைப் பார்த்து வரைந்தேன். எடுத்தவர் பெயரை வெட்டி எறிந்தவன் நான். படத்தின் முன்னால் நின்று யாராவது இது என்னுடையது என்றால், என் தொலைபேசி எண்ணை அவரிடம் கொடுங்கள்.’