கடாவுக்கு முந்தின வரி

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. உங்களிடமாவது கொட்டித் தீர்க்கிறேன். திருநகரில் எங்கள் சபைக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் போதகர், மோசே காலத்துக் குற்றநிவாரண பலியைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். அந்த நாளில் இஸ்ரவேலர் குற்றம் செய்தால் பழுதில்லாத ஆட்டுக்கடாவைக் கொண்டுவந்து பலியிட வேண்டுமாம். இப்போது இயேசுவே அந்தப் பலியாகிவிட்டார், "அதனால நாம கவலையில்லாம வீட்டுக்குப் போகலாம்" என்று சிரித்துக்கொண்டே முடித்தார். சபையும் கவலையில்லாமல் எழுந்தது. மின்விசிறிக்குக் கீழே இருந்தவர்களுக்கு அதற்கு முன்பும் பெரிய கவலை ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. வாசலில் அறுப்புப் பண்டிகைக் காணிக்கைக்கென்று ஆளுக்கொரு கவர் கொடுத்தார்கள். பசை வாசனை அடித்தது.

எனக்கு அறுப்புப் பண்டிகை என்றால் ஆட்டு வாசனைதான். ஜப்பான்காரன் யுத்தத்துக்குக் கொஞ்சம் முன்பு, வாடிப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். பண்டிகையன்று சனங்கள் பூசணி, வாழைத்தார், கோழி, ஆட்டுக்குட்டி என்று கையில் இருந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் புளியமரத்தடியில் ஏலம். ஒரு வருஷம் நான் ஈ விரட்டக் கையைத் தூக்கப்போய் ஒரு பூசணிக்காய் என் தலையில் விழுந்தது. ஒரு வாரம் பூசணிக்காய்க் குழம்பு. அடுத்த வருஷத்து ஏலத்தில் தெரிந்தேதான் கையைத் தூக்கினேன்.

ஞானம்மாள் அக்கா வீட்டில்தான் எனக்குக் குடித்தனம். தோட்டம் துரவு உள்ள விதவை. சபையில் அவர் குரலுக்கு முன்னால் ஆர்மோனியம் தோற்றுவிடும். பின்தெருவில் பேச்சி இருந்தாள், வயல் கூலிக்குப் போகிறவள். அவளுக்கென்று இருந்தது மாயாண்டி என்ற இருபது வயது மகனும் ஒரு சினையாடும். கருப்பு ஆடு, ஒரு காது மட்டும் வெள்ளை.

ஒரு நாள் அந்த ஆட்டைக் காணோம். பேச்சி வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். அக்கா உள்ளே போய் வேதபுத்தகத்தை எடுத்துவந்து அதன்மேல் கையை வைத்தார். "இந்தா, சத்தியமாச் சொல்றேன். ஒன் ஆட்ட நான் கண்ணாலகூடப் பாக்கல."

சரியென்று பேச்சி போய்விட்டாள். வேதத்தின்மேல் கை வைத்தவர் பொய் சொல்வாரா? கொஞ்ச நேரம் கழித்து நான் விறகு எடுக்கக் கொல்லைக்குப் போனேன். கொட்டகைக்குள் வெள்ளைக்காது நின்று பூவரசு இலை தின்றுகொண்டிருந்தது. அக்கா பின்னாலேயே வந்து நின்றார். "என் தோட்டத்துல எம்புட்டு மேஞ்சிருக்கு தெரியுமா? நீ ஒன் சோலியப் பாரு பிள்ள" என்றார். நானும் என் சோலியைப் பார்த்தேன். அந்த வீட்டை விட்டால் ஊரில் தனி மனுஷிக்கு இருக்க இடம் கிடையாது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், வெட்கங்கெட்டவள். மறுநாள் ஆடு வண்டியேறி நாகமலை புதுக்கோட்டையில் அக்காவின் தங்கை வீட்டுக்குப் போய்விட்டது.

ஆடு காணாமற்போன அன்று மாயாண்டி சந்தைக்குப் போயிருந்தான். அது போதாதா பேச்சிக்கு? "வித்துத் தின்னுட்டியாடா, பாவி! நீ வெளங்குவியா?" என்று தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "நான் தொடலத்தா" என்று அவன் சொல்லச் சொல்ல ஏசினாள். மூன்று நாள் இது நடந்தது. மூன்று நாளும் என் காதில் விழுந்தது. நாலாம் நாள் அவன் ஆள் பிடிக்கிற ஏஜெண்டோடு ரங்கூனுக்குக் கிளம்பிவிட்டான். ஓர் அரிசி மில் விலாசத்தோடு ஒரே ஒரு கார்டு வந்தது. நான்தான் வாசித்துக் காட்டினேன். சுகமாயிருப்பதாக எழுதியிருந்தான், ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதற்கப்புறம் அக்காவுக்குப் பாட்டு வரவில்லை. தொண்டையில் என்னமோ அடைக்கிறது என்று கஷாயம் குடித்துப் பார்த்தார். பிறகு வேதத்தைப் புரட்டிக் குற்றநிவாரண பலியைக் கண்டுபிடித்தார். பழுதில்லாத ஆட்டுக்கடா வேண்டும் என்றிருந்தது. அக்கா முகம் மலர்ந்துவிட்டது. அந்தச் சினையாடு தங்கை வீட்டில் போட்ட குட்டி ஒரு கிடாய்! திருடின ஆட்டின் குட்டியையே, கழுத்தில் செவ்வந்தி மாலை போட்டு, திருடின குற்றத்துக்குப் பலியாகப் பண்டிகைக்கு இழுத்து வந்தார். அட கர்த்தாவே, இந்த மூளையை எங்கே கொண்டுபோய் முட்டுவது?

கடாவுக்கு முந்தின வரியை அவர் தாண்டிக் குதித்துவிட்டார். எடுத்ததை முதலில் உடையவனிடம் திருப்பிக் கொடு, ஐந்தில் ஒரு பங்கு கூடச் சேர்த்துக் கொடு, அப்புறம் கடாவைக் கொண்டு வா என்றுதான் அங்கே இருக்கிறது. எங்கள் பாதிரி ஐயருக்கு அது தெரியாதா? அக்கா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். ஐயர் ஜெபம் பண்ணினார். "ஆண்டவர் மன்னிச்சிட்டாரும்மா. இத வெளிய சொல்ல வேண்டாம், சபைக்குக் கெட்ட பேரு" என்றார். அக்கா அன்று பாடினார் பாருங்கள், கூரை ஓடு அதிர்ந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிடாய் ஏலத்துக்கு வந்ததும் கையைத் தூக்கினேன். சம்பளத்தில் பாதி போயிற்று. கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே பேச்சி வீட்டுக்குப் போனேன். அதன் ஒரு காதும் வெள்ளைதான். ஒன்றுவிடாமல் சொன்னேன், நான் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சேர்த்து. அதோடு நிறுத்தியிருக்கலாம். உபதேசம் பண்ணின வாய் சும்மா இருக்குமா? "தாயாட்டையும் வாங்கித் தாரேன் பேச்சி. அஞ்சுல ஒரு பங்கு கூடச் சேத்துத் தரணும்னு எங்க வேதத்துல இருக்கு" என்றேன்.

பேச்சி குட்டியின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். "அஞ்சுல ஒண்ணா டீச்சரம்மா? எனக்கு இருந்ததே ஒண்ணுதான. அத நானே மண்ணத் தூத்தி வெரட்டிட்டேனே" என்றாள்.

அன்று சாயங்காலமே என் டிரங்குப் பெட்டியைத் தெருவில் வைத்துவிட்டார் அக்கா. தாயாடும் வரவில்லை. நான் பள்ளிக்கூடத்துக்கே குடிபோனேன். மறுநாள் பேச்சி சொல்லச் சொல்ல மாயாண்டிக்குக் கடுதாசி எழுதினேன். அது போய்ச் சேருவதற்குள் ரங்கூனில் குண்டு விழுந்தது. காடு மலை தாண்டி நடந்தே ஊர் திரும்பினவர்கள் உண்டு. வாடிப்பட்டி ஸ்டேஷனுக்கு ரயில் வரும் நேரமெல்லாம் பேச்சி கிடாயையும் பிடித்துக்கொண்டு போய் நின்றாள். அதை விற்கவும் இல்லை, வெட்டவும் விடவில்லை. ஆட்டைப் பார்த்தால், ஆத்தாளுக்கு உண்மை தெரிந்துவிட்டதென்று அவன் நம்புவான் என்பாள்.

யுத்தம் முடிந்து ரொம்ப நாள் கழித்து அந்தக் கடுதாசி பிரிக்காமலே எனக்குத் திரும்பி வந்தது, மேலெல்லாம் முத்திரை. பேச்சி அப்போது படுத்த படுக்கை. "கடுதாசி அவன் கைக்குப் போயிருக்குமா டீச்சரம்மா? படிச்சிருப்பானா?" என்று கேட்டாள்.

"படிச்சிருப்பான்" என்றேன்.

பேச்சி போய்விட்டாள். அக்கா போய்விட்டார், கடைசிவரை நன்றாகப் பாடிக்கொண்டே. புளியமரம் இல்லை, ஏலம் இல்லை, பண்டிகைக்கு ஆடு கொண்டுவருவார் யாருமில்லை. அதே சட்டத்தில் இன்னோர் இடம் உண்டு. திருப்பிக் கொடுக்க உடையவனும் இல்லை, உறவும் இல்லை என்றால் பலியிடுகிற ஆசாரியனிடம் கொடுக்கச் சொல்கிறது. அதனால் அந்தக் கடுதாசியைப் பண்டிகைக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு நம் போதகர் கையில் கொடுக்கப் போகிறேன். கவலையில்லாமல் வீட்டுக்குப் போகச் சொன்னாரே, இதை வாசித்துவிட்டுப் போகட்டும். பெரிய கடுதாசி ஒன்றுமில்லை. "ஆடு கெடச்சிருச்சு. நீ எடுக்கல. ஆத்தா திட்டுனத மனசுல வைக்காத. வந்துரு சாமி."