கொட்டாவியின் மனைவி

விளம்பரம் தலைகாட்டியதும் பெரியம்மா ஒரு படுக்கை விரிப்பை உதறி, தொலைக்காட்சிக்கு முன்னால் இரண்டு கைகளையும் அகல விரித்துப் பிடித்துக்கொள்கிறார். மடிக்கப்போகிற பாவனை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பெரிய இயந்திரத்தை ஓட்டுகிற தாட்டியான பெண்மணி அவர். அவர் மறைத்தால் திரை மட்டுமல்ல, சுவரே மறையும். இன்னொருத்தி ஓடிப்போய்ச் சத்தத்தைக் குறைக்கிறாள். சாப்பாட்டுப் பாத்திரங்களைத் திறந்து வைத்திருக்கும் மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்க்கிறார்கள். ஜன்னலோரம் தையல் மெஷினில் குனிந்திருக்கிறவள் தலையை நிமிர்த்தாமலே சொல்கிறாள்: "தொடர் வந்தா சொல்லுங்கடி. அந்த மாமியார்க்காரி மாட்டினாளா இல்லையான்னு தெரிஞ்சாகணும்."

அவளுக்குத் தையலக்கா என்று பெயர். வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. ஆஸ்பத்திரியில் கிழிந்ததெல்லாம் அவளிடம் வரும்: படுக்கை விரிப்பு, தலையணை உறை, வார்டுத் திரை, அறுவை அரங்கின் பச்சைத் துணி. ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். விரிப்பின் நடுப்பகுதிதான் முதலில் நைந்துபோகும், ஆள் படுக்கிற இடம் அதுதானே. நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, உழைக்காத ஓரங்களை நடுவுக்குக் கொண்டுவந்து தைத்துவிடுவாள். "ஓரமா உட்காந்து சொகுசு கண்டது போதும், நடுவுல வா" என்று துணியிடம் சொல்வாள். நூலைப் பல்லால் கடிப்பாள். ஊசிகளைச் சட்டைக் கழுத்தில் வரிசையாகக் குத்தி வைத்திருப்பாள். கட்டிப்பிடித்து அன்பு காட்ட வருகிற புது நர்சுகள் ஒருமுறை பட்டபின் தூர நின்றே அன்பு காட்டுவார்கள். மெஷின் சிக்கிக்கொண்டால் மட்டும் அவள் வாயில் நல்ல வார்த்தை வராது.

இவள் யாருடைய மனைவி என்பது புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குத் தெரியாது. தெரிந்ததும் வாயைப் பிளப்பார்கள். "கொட்டாவி சம்சாரமா? நம்ம கொட்டாவியா?"

அந்த நகைச்சுவை நடிகரின் சொந்தப் பெயரைக் கேட்டால் ரசிகர்களும் விழிப்பார்கள். கொட்டாவி என்றால் குழந்தைக்கும் தெரியும். முதலில் இதே மருத்துவமனையில் லிப்ட் இயக்கிக்கொண்டிருந்தவர்தான். லிப்டுக்குள் நோயாளிகளைச் சிரிக்கவைத்ததை ஒரு படக்காரர் பார்த்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போனார். படத்தில் தலை போகிற காரியம் நடந்துகொண்டிருக்கும். வீடு பற்றியெரியும், கல்யாணம் நிற்கும், கதாநாயகன் கத்திக்குத்துப் பட்டுக் கிடப்பான். இவர் மெல்ல வாயைத் திறந்து ஒரு கொட்டாவி விடுவார். இடது இமை பாதி இறங்கி நிற்கும். அரங்கம் முழுக்கக் கொட்டாவி விட்டுக்கொண்டே சிரிக்கும். வீட்டுக்கு வந்து சேர்ந்த காசு கொஞ்சம்தான். அதனால் அவள் மெஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

அந்த இமையை எல்லோரும் நடிப்பு என்றே நினைத்தார்கள். அது நோய். தசைகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்துபோகிற நோய். இமையில் தொடங்கி, மென்று தின்ன முடியாமல் போய், விழுங்க முடியாமல் போய், கடைசியில் மூச்சுக்கு வந்தது. தூங்கினால் மூச்சு நின்றுவிடும் என்று அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஊரையே தூங்கவைத்தவர் தன் கடைசிக் காலத்தில் தூக்கத்தைக் கண்டு நடுங்கினார். "நான் அசந்தா எழுப்பிடு. திட்டினாலும் எழுப்பிடு" என்று மனைவியின் கையைப் பிடித்துக்கொள்வார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, தலை சாய்ந்தால் தோளைத் தட்டுவாள், கிள்ளுவாள், கண்ணில் தண்ணீர் தெளிப்பாள். ஒரு காலை, அவள் காய் நறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்கள் தூக்கத்திலேயே போன புண்ணியவான் என்று பேசிக்கொண்டபோது அவள் ஒவ்வொருவரையும் திருத்தினாள். "தூங்கிப் போகலைங்க. முழிச்சிக்கிட்டேதான் போனார். என்னைப் பார்த்துக்கிட்டே போனார்."

மறு வருடம் அது நடந்தது. வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். எதிரே இருந்த கடையின் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கடுக்காகத் தொலைக்காட்சிகள். எல்லாவற்றிலும் அவர் இருந்தார். புது மெத்தை ஒன்றின்மேல் சாய்ந்திருந்தார். கன்னம் பூரித்து, உடம்பு தேறி, வாழ்ந்த காலத்தில் ஒருநாளும் இல்லாத அழகோடு இருந்தார். வாயைத் திறந்து அந்தக் கொட்டாவியை விட்டார். பிறகு அவருடைய சொந்தக் குரலில், அவர் ஒருபோதும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்: "இனிமே யாரும் என்னை எழுப்பாதீங்க!"

பஸ் வந்தது, போனது. மறுபடி அந்த விளம்பரம் வருகிறவரை நின்று பார்த்துவிட்டு அவள் கடைக்குள் போனாள்.

"இது எப்ப எடுத்ததுங்க?"

"எடுக்கலைங்க, கம்ப்யூட்டர்லயே செஞ்சது" என்றார் விற்பனைக்காரர், தானே செய்ததுபோன்ற பெருமையோடு. "பழைய படத்தையெல்லாம் போட்டுக் குடுத்தா போதும். செத்தவங்களையும் பேச வைக்கலாம் இப்ப."

மருந்துக்கடை மாடியில் ஒரு பெண் வக்கீல் இருந்தார். அவள் தைத்துக் கொடுத்த உறையில் தலைவைத்துப் பிள்ளை பெற்றவர். பீஸ் பற்றிப் பேச்செடுக்கவில்லை, ஆனால் ஒளித்தும் பேசவில்லை.

"பேர் பெற்ற ஒருத்தர் முகத்தை, குரலை, கேட்காம வியாபாரத்துக்குப் பயன்படுத்தினா அவர் கேஸ் போடலாம். உடனே தடை வாங்கலாம். ஆனா அந்த உரிமை அவர் உயிரோட போயிடுதுன்னுதான் இதுவரைக்கும் சொல்லியிருக்காங்க. வீடு நிலம் மாதிரி பொண்டாட்டி பிள்ளைக்கு வராது."

"அப்ப அவர் மூஞ்சி இப்ப யாருதுங்க?"

"யாருதும் இல்லம்மா."

"யாருதும் இல்லாததை அவங்க மட்டும் எப்படி எடுத்துக்கிட்டாங்க?"

"அதைத்தான் கேட்கப் போறோம். பதில் நமக்குச் சாதகமா வரும்னு மட்டும் நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

வழக்கு இழுத்துக்கொண்டு போய் ஒருநாள் விசாரணைக்கு வந்தது. மகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனாள். நீதிமன்றத்தில் விளம்பரத்தைப் போட்டுக் காட்டினார்கள். திரையில் கொட்டாவி வாயைத் திறந்தார். முன் வரிசையில் ஒரு வக்கீல் கொட்டாவி விட்டார். தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் விட்டாள். வாசலில் நின்ற காவலர் விட்டார். நீதிபதி வழக்குக் காகிதங்களை உயர்த்தி வாயை மறைத்துக்கொண்டார். பிறகு அறை முழுக்கக் குபீரென்று சிரிப்பு. நல்ல மனிதர்களின் சிரிப்புதான், அவர்மீது பிரியமுள்ளவர்களின் சிரிப்பு. அதுதான் அவளை அதிகம் அறுத்தது. அவளுக்கே தாடை துடித்தது. பல்லைக் கடித்து அடக்கினாள்.

மெத்தை நிறுவனத்தின் வக்கீல் எழுந்து, மறைந்த கலைஞருக்குத் தாங்கள் செலுத்தும் அஞ்சலி இது என்றார். அவளுக்கும் பேச இடம் கொடுத்தார்கள்.

"ஐயா, அவர் அப்படிச் சொல்ல மாட்டாருங்க. எழுப்பு எழுப்புன்னு என் கையைப் பிடிச்சுக் கெஞ்சின மனுஷன். எழுப்பாதேன்னு அவர் வாயாலயே சொல்ல வெச்சிருக்காங்க. வேற எதையாவது சொல்லச் சொல்லியிருந்தாக்கூட நான் பேசாம இருந்திருப்பேன்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். அவளுடைய வருத்தம் தனக்குப் புரிகிறது என்றார். இறந்தவருக்கு இனி இதனால் நஷ்டம் இல்லை, மனைவியின் மனவேதனைக்கு இந்தச் சட்டத்தில் இடமும் இல்லை என்று தீர்ப்பில் சொன்னார். மனு தள்ளுபடியானது. மறுநாள் அவள் வழக்கம்போல் வேலைக்கு வந்து, ஊசிகளைக் கழுத்தில் குத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் பெரியம்மா முதன்முதலில் விரிப்பை எடுத்துக்கொண்டு திரைக்கு முன்னால் போய் நின்றது.

மகன் ஒரு பட்டறையில் இருந்தான். பட்டறை மூடிவிட்டதால் வீட்டில் முடங்கிக் கிடந்தான். அப்பா போனபின் அவன் சிரித்து யாரும் பார்க்கவில்லை. தீர்ப்பு வந்த சில மாதங்களில் ஒருநாள் சுறுசுறுப்பாகக் குளித்துவிட்டுக் கிளம்பினான். "ஒரு ஸ்டூடியோவுல எடுபிடி வேலைம்மா" என்றான். சாப்பிடும்போது சீட்டியடித்தான். அவள் எதையும் துருவவில்லை. பிள்ளை முகத்தில் ரத்தம் ஊறியதே போதும் என்று இருந்துவிட்டாள்.

வெளிநோயாளிகள் கூடத்துக்குத் தைத்த திரைகளை மாட்டப் போன மதியம்தான் இன்னொரு விளம்பரத்தைப் பார்த்தாள். அங்கே மறைக்க ஆள் இல்லை. சுவர்த் தொலைக்காட்சியில் புதிதாக ஓடியது. இந்தமுறை கொட்டாவி வெறுமே சாய்ந்திருக்கவில்லை. அறைக்குள் நடந்துவந்தார். மெத்தையைத் தட்டிப் பார்த்தார். உட்காருமுன் கால்சட்டையை முழங்காலருகே இரண்டு விரலால் தூக்கிவிட்டுக்கொண்டார். அவள் ஏணிப்படியில் நின்றபடி அந்தக் கையையே பார்த்தாள். இடது கட்டைவிரல் உள்பக்கம் வளைந்திருந்தது. சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிய விரல். பிள்ளை துடிக்கத் துடிக்க அவள் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது இதே மருத்துவமனைக்குத்தான். கணவரின் விரல் நேரானது.

கீழே பெஞ்சில் காத்திருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம், "செத்தும் சம்பாதிக்கிறான்யா மனுஷன்" என்று சொல்லிச் சிரித்தார்.

மீதித் திரைகளை மாட்டிவிட்டுத்தான் அவள் இறங்கினாள். கொக்கி ஒன்றுகூட விடவில்லை.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே மகன் வந்துவிட்டான். அவள் வாசல் பக்கமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எடுபிடி வேலைன்னு சொன்னியே."

அவன் செருப்பைக் கழற்றாமல் நின்றான். "பார்த்துட்டியா?"

"கையைப் பார்த்தேன்."

"நான் மாட்டேன்னா வேற எவனையாவது நடக்க விட்டு, அவன் உடம்பு மேல அப்பா முகத்தை ஒட்டியிருப்பாங்கம்மா. கண்ட கழுதையும் அப்பாவா நடக்கிறதுக்கு நான் நடக்கலாமில்ல?" கொஞ்சம் தள்ளி வந்து தரையில் உட்கார்ந்தான். குரல் இறங்கிவிட்டது. "அங்க ஒரு திரை வெச்சிருக்காங்க. எதிர்ல உட்காந்தா நான் தெரிய மாட்டேன், அப்பாதான் தெரிவார். நான் தலையைச் சாய்ச்சா அவர் சாய்க்கிறார். மொத நாள் எனக்கு அழுகை வந்துடுச்சு. அவரும் அழுதார்."

கோபத்தோடு காத்திருந்தவள்தான். கோபம் எங்கே போனதென்று தேடவேண்டியிருந்தது. அந்தத் திரைக்கு முன்னால் தன்னையும் ஒருதரம் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டுவிடுவோமோ என்று தன்மேலேயே பயம் வந்தது.

"உன் மூஞ்சியையும் எழுதிக் குடுத்திட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

"என் மூஞ்சி யாருக்கும்மா வேணும்?" என்றான். பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல், "கேட்டாங்க. குடுத்தேன். உயிரோட இருக்கிற வரைக்கும், அதுக்கு அப்புறமும்னு படிச்சுக் காட்டினாங்க" என்றான்.

தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்கள். அவள் அவன் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். நெற்றியிலும் கன்னத்திலும் தாடையோரத்திலும் கறுப்பு மையில் பொட்டுப் பொட்டாகப் புள்ளிகள். கம்ப்யூட்டர் முகத்தை எங்கெங்கே பொருத்தவேண்டும் என்று அடையாளம் காட்ட வைத்தவை. அவசரமாகக் கழுவியதில் பாதி போகாமல் நின்றிருந்தன. அவள் எழுந்துபோய்த் துண்டின் நுனியை நனைத்துக்கொண்டு வந்தாள். நெற்றியில் இருந்ததைத் துடைத்தாள். கன்னத்தில் இருந்ததைத் துடைத்தாள். அவன் சின்னப் பிள்ளைபோலக் கண்ணை மூடிக்கொண்டு காட்டினான். காதுக்குக் கீழே இருந்தது மட்டும் அழியவில்லை. எச்சில் தொட்டு, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.

"அம்மா, அது மச்சம்மா" என்றான் மகன்.

தோல் சிவந்துவிட்டது. அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.